லொஃப்டில் அறை போடுவதென்றால் முதலில் படிக்கட்டைப் பாருங்கள்

லண்டனில் ஹரோ பக்கம் எங்கள் வீடு. 1930களில் வரிசையாகக் கட்டித் தள்ளிய செமி வீடுகளில் ஒன்று, ஒரு பக்கம் பக்கத்து வீட்டோடு ஒட்டியிருக்கும், மேலே இரண்டு பெரிய அறை, முன்னால் ஒரு சின்னப் பெட்டி அறை. லொஃப்டை, அதாவது சீலிங்குக்கும் கூரைக்கும் இடையிலுள்ள இடத்தை, அறையாக்கியபின் கோயிலிலோ மகனின் தமிழ்ப் பள்ளி வாசலிலோ யாராவது என்னைப் பிடித்து "எவ்வளவு முடிஞ்சது?" என்று கேட்காத மாதமே இல்லை. காசு எவ்வளவு என்று சொல்கிறேன், அதிலொன்றும் ஒளிக்க இல்லை. ஆனால் நான் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி, "உங்கட வீட்டில படி எங்கயால ஏறப்போகுது?" என்பதுதான். பெரும்பாலானவர்களுக்கு அதற்குப் பதில் இருப்பதில்லை. எங்களிடமும் இருக்கவில்லை.

2019இல் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து எங்களோடு வந்து சேர்ந்தா. பின் அறையில் அம்மாவும் மகளும், முன் அறையில் நாங்கள் இருவரும் மகனும், பெட்டி அறையில் சாமி. மகள் சோதனைக்குப் படிக்கிற வயது, அம்மா இரவில் மூன்று தரம் எழும்புவா, ஒருவருக்கும் ஒழுங்கான நித்திரை இல்லை. வீடு மாறலாம் என்றால் இன்னொரு அறை உள்ள வீட்டுக்கு முத்திரை வரியோடு சேர்த்துப் பார்க்க எங்களால் முடியாத தொகை. அப்படித்தான் 2021 தொடக்கத்தில் லொஃப்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினோம்.

முதல் வந்தவர் தெரிந்தவர்கள் சொல்லி அனுப்பிய ஒரு கட்டடக்காரர். ஏணியில் ஏறி அஞ்சு நிமிடம் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கி, "நல்ல பெரிய இடம் அண்ணை, ஒரு டபுள் ரூமும் பாத்ரூமும் சுகமா வரும்" என்றார். படி எப்படி ஏறும் என்று என் கணவர் கேட்க, பெட்டி அறைக்குள்ளால் விடலாம் என்றார். சாமியறையில் பாதியை வெட்டி ஒரு நடைபாதை. ஒரு அறை கூட்டப் போய் ஒரு அறையை இழப்பது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, சாமிப் படங்களை ஒரு தரம் பார்த்தா, அவ்வளவுதான். எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

அதற்குப் பிறகுதான் நாங்களே டேப் எடுத்துக்கொண்டு மேலே ஏறினோம். இதை எவரும் செய்யலாம், யாரையும் கூப்பிடுமுன் செய்யுங்கள். கூரையின் முகட்டுக்கு நேர் கீழே, கீழறைச் சீலிங்கைத் தாங்கும் மரத்தின் மேற்பக்கத்திலிருந்து முகட்டு மரத்தின் அடிப்பக்கம் வரை அளக்க வேண்டும். எங்களுக்கு 2.55 மீட்டர் வந்தது. நல்ல உயரம் என்று சந்தோசப்பட்டோம், ஆனால் அது முடிந்த அறையின் உயரம் அல்ல. பழைய சீலிங் மரங்கள் 10 செ.மீ. ஆழம்தான், அவை சீலிங்கைப் பிடித்திருக்கப் போட்டவை, ஆட்கள் நடமாடப் போட்டவை அல்ல. அவற்றுக்கிடையில் புதிதாக ஆழமான மரங்கள் வரும், அவை பழைய சீலிங்கைத் தொடாமல் கொஞ்சம் தூக்கி நிற்கும், அதன் மேல் தளப் பலகை. அதில் மட்டும் 14 செ.மீ. போயிற்று. பிறகு மேலே கூரைப் பக்கம் குளிர்க் காப்புப் பலகை, பிளாஸ்டர்போர்ட். கடைசியில் எங்களுக்குக் கிடைத்தது 2.2 மீட்டர் சொச்சம். இவர் ஆறடி, தாராளம். உங்கள் அளவு 2.2க்குக் கீழே தொடங்குகிறதென்றால் ஒரு எஞ்சினியரோடு முதலில் ஆறுதலாகக் கதையுங்கள், கூரையை உயர்த்துவதோ கீழறைச் சீலிங்கை இறக்குவதோ வேறு அளவான வேலை, வேறு அளவான காசு.

மேலே நிற்கும்போது மரங்களையும் பாருங்கள். ஊரில் அப்பா வீடு கட்டும்போது தீராந்தி, வளை, சிலாகை என்று ஒவ்வொன்றாகக் காட்டித் தந்தது எனக்கு இங்கேதான் உதவியது. எங்கள் வீட்டைப் போலப் பழைய வீடுகளில் சரிவு மரங்களைக் குறுக்கே ஒரு தடித்த வளை தாங்கி நிற்கும், நடுவில் இடம் திறந்திருக்கும். 1960களுக்குப் பிந்திய பல வீடுகளில் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்த சட்டங்கள், உள்ளே முழுக்க ஆங்கில டபிள்யூ எழுத்து மாதிரிக் குறுக்கு மரங்கள். அதையும் அறையாக்கலாம், ஆனால் ஒரு குறுக்கு மரத்தையும் உங்கள் எண்ணத்துக்கு அறுக்கக் கூடாது, கூரையே அதில்தான் நிற்கிறது.

சரி, படிக்கு வருகிறேன். நல்ல படி எப்போதும் இருக்கிற படிக்கு நேர் மேலே ஏறுகிற படிதான். வேறு எந்த அறையையும் தின்னாது, வீட்டின் ஓட்டமும் குழம்பாது. எங்கள் மாதிரி வீட்டில் இருக்கிற படி வெளிப்பக்கச் சுவரோடு போகிறது. அங்கேதான் சிக்கல். கூரை முன்னும் பின்னும் மட்டுமல்ல, அந்தப் பக்கமும் சரிந்து இறங்குகிறது, அதனால் படி ஏறி வருகிற இடத்தில் தலை நிமிர்த்த இடமில்லை. விதிப்படி படிக்கு மேலே 2 மீட்டர் உயரம் வேண்டும், லொஃப்டில் இடம் போதாதென்றால் படியின் நடுவில் 1.9, ஓரத்தில் 1.8 வரை விடுவார்கள். எங்களுக்கு அதுவும் வராது. அதற்கு வழி, பக்கச் சரிவை எடுத்துவிட்டு அந்த வெளிச்சுவரை முகடுவரை முக்கோணமாக உயர்த்துவது. இங்கே ஹிப் டு கேபிள் என்பார்கள். தெருவில் நடக்கும்போது இரண்டு ஒட்டு வீடுகளில் ஒன்று மட்டும் தோள் உயர்த்தி நிற்கிற மாதிரித் தெரியுமே, அது இதுதான். முதல் வந்தவர் இதை ஏன் சொல்லவில்லை என்றால் அவருடைய விலைக்குள் அது இல்லை. வரைபடக்காரர் ஒருவரைத் தனியாகக் காசு கொடுத்துப் பிடித்தபோதுதான் இந்த வழி எங்களுக்குத் தெரிய வந்தது. அந்தக் காசை நான் ஒருநாளும் வீண் என்று நினைக்கவில்லை. வரைபவர் ஒருவர், கட்டுபவர் வேறொருவர் என்று இருந்தால் உங்கள் பக்கம் நின்று கதைக்க ஒரு ஆள் இருக்கும்.

கீழ்த் தளத்திலிருந்து மேல் தளத்துக்கு எங்களுக்கு ஏறவேண்டிய உயரம் 2.66 மீட்டர். ஒரு படி 22 செ.மீ.க்கு மேல் உயரக் கூடாது, சரிவு 42 பாகைக்கு மேல் போகக் கூடாது. 13 ஏற்றம் போட்டால் ஒவ்வொன்றும் இருபதரைக்குக் கிட்ட, மிதிக்கிற அகலம் 23 செ.மீ. இந்தக் கணக்கை வரைபடக்காரர் எழுதித் தந்ததும் வீட்டு மண்டபத்தில் நிலத்தில் மறைப்பு நாடா ஒட்டி அந்த அளவுக்குப் படி கீறினோம், திருப்பத்தோடு. பிறகு நானும் இவரும் மெத்தையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கோடுகளுக்குள் நடந்து பார்த்தோம். மெத்தை திரும்பவில்லை. அதனால்தான் பெரிய மெத்தையையும் அலுமாரிப் பலகைகளையும் பின் யன்னல் பொருத்துமுன் சாரத்தின் வழியாக மேலே ஏற்றி வைக்கச் சொன்னோம். இதை மறந்தவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் மெத்தையைச் சுருட்டி வருகிற மாதிரியானதாகப் புதிதாக வாங்கினார்கள்.

அறை யாருக்கு என்பதும் கட்டுமுன் முடிவெடுக்க வேண்டியது. மகளுக்கு என்று தொடங்கினோம். பிறகு யோசித்தால் அவள் இரண்டு வருடத்தில் பல்கலைக்கழகம் போய்விடுவாள், அம்மா மேலே ஏற முடியாது, இரவில் அம்மாவுக்குக் கழிவறை பக்கத்தில் வேண்டும். கடைசியில் நாங்கள் இருவரும் மேலே போவது, முன் அறை மகளுக்கு, பின் அறையைத் தடுத்து அம்மாவுக்கும் மகனுக்கும் என்று தீர்மானித்தோம். மேலே கழிவறை எங்கே என்பதில் அம்மாவுக்கு ஒரே ஒரு விருப்பம், சாமிக்கு நேர் மேலே வரக்கூடாது. நல்ல வேளையாகக் கழிவுக் குழாயும் அதையேதான் சொன்னது. இருக்கிற செங்குத்துக் குழாய் வீட்டின் பின்பக்கம், புதுக் கழிவறை அதற்குக் கிட்ட இருந்தால்தான் குழாய்க்குத் தேவையான சரிவு தளத்துக்குள் அடங்கும். தூரத்தில் வைத்தால் குழாய் புதுத் தளத்தைத் தாங்கப் போடுகிற இரும்பு உத்தரங்களோடு முட்டும். சாமி முன்பக்கம், கழிவறை பின்பக்கம். பெட்டி அறையில் ஒரு மூலை மட்டும் படிக்காகக் கொஞ்சம் உள்ளே வந்தது, அதில் இப்போது குத்துவிளக்கு நிற்கிறது.

அனுமதி பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். இங்கிலாந்தில் தனி வீட்டுக்கும் செமிக்கும் கூரையில் 50 கன மீட்டர் வரை, இரண்டு பக்கமும் ஒட்டிய வரிசை வீட்டுக்கு 40 வரை, திட்ட அனுமதி இல்லாமலே கூட்டலாம், சில நிபந்தனைகளோடு. தெருவைப் பார்த்த சரிவுக்கு வெளியே பெட்டி மாதிரி எதுவும் நீட்டக் கூடாது, முகட்டைவிட உயரக் கூடாது, பின்பக்க டோர்மர் (கூரையிலிருந்து பெட்டி மாதிரி வெளியே எழுப்பி யன்னல் வைக்கிற பகுதி) கூரையின் கீழ்விளிம்பிலிருந்து குறைந்தது 20 செ.மீ. உள்ளே தள்ளி நிற்க வேண்டும், பக்கச் சுவரில் வைக்கிற யன்னல் ஊடு தெரியாத கண்ணாடியாக இருக்க வேண்டும், 1.7 மீட்டருக்குக் கீழே திறக்கக் கூடாது. எங்களுக்குப் பக்கச் சுவர் உயர்த்தியதில் 16, பின் டோர்மரில் 23, மொத்தம் 39. முன்பு இருந்தவர்கள் கூரையில் ஏதாவது கூட்டியிருந்தால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும். பழமை காக்கும் பகுதி (கன்சர்வேஷன் ஏரியா) என்று கவுன்சில் அறிவித்த தெருக்களிலும் ஃபிளாட்களிலும் இந்தச் சலுகை இல்லை. அனுமதி தேவையில்லை என்றாலும் நாங்கள் கவுன்சிலிடம் சட்டப்படியானது என்ற சான்றிதழ் எடுத்தோம். அப்போது 103 பவுண்டுகள். பிற்காலத்தில் வீடு விற்கும்போது வாங்குகிறவரின் வழக்கறிஞர் கேட்கப்போகிற முதல் தாள் அதுதான்.

திட்ட அனுமதி வேண்டாம் என்றால் கட்டட விதிகளும் வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு, இது வேறு. எங்களிடம் வந்த இன்னொருவர், ஸ்டோர் ரூம் என்று சொல்லுவம், கட்டட விதிகளைச் சரிபார்க்கிற பில்டிங் கன்ட்ரோலைக் கூப்பிட வேண்டாம், ஏழாயிரம் மிச்சம் பிடிக்கலாம் என்றார். அவரை அன்றே வேண்டாம் என்றோம். எங்கள் நெருங்கிய நண்பர் ஒருவர் அப்படிச் செய்து, பத்து வருடம் பிள்ளைகள் படுத்த அறையை விற்கும்போது படுக்கையறை என்று விளம்பரத்தில் போட முடியாமல் நின்றதைப் பார்த்திருக்கிறோம். விலையை விடுங்கள், அந்தப் பிள்ளைகள் அத்தனை வருடமும் நெருப்பு வந்தால் தப்ப வழியில்லாத அறையில் படுத்திருக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு பதைக்கும்.

நெருப்பு விதிதான் எங்களுக்குப் பெரிய அதிர்ச்சியாக வந்தது. புதுத் தளம் நிலத்திலிருந்து 4.5 மீட்டருக்கு மேலே இருந்தால், அங்கிருந்து யன்னலால் குதித்துத் தப்ப முடியாது என்று கணக்கு. ஆகவே மேலிருந்து வாசல் கதவு வரை படி முழுவதும் அரை மணி நேரமாவது நெருப்புத் தாங்குகிற சுவராலும், நெருப்புக் கதவுகளாலும் மூடியிருக்க வேண்டும். நாங்கள் 2015இல் மண்டபத்துக்கும் கூடத்துக்கும் இடையில் இருந்த சுவரை ஆசைப்பட்டு இடித்து, வீடு விசாலமாக வந்துவிட்டது என்று எல்லோருக்கும் காட்டியவர்கள். படி கூடத்துக்குள் நேரே இறங்குகிறது. அந்தச் சுவரைத் திரும்பக் கட்ட வேண்டி வந்தது. சுவர் வேண்டாம் என்றால் தண்ணீர் தெளிக்கும் அமைப்புப் போடலாம் என்று சொன்னார்கள், எங்கள் வீட்டுக்கு அது சுவரைவிடக் கூடச் செலவு. மேல் அறை கட்டுகிற எண்ணம் தூரத்தில் இருந்தாலும் கீழே சுவர் இடிக்குமுன் இதை நினைவில் வையுங்கள். படிக்கு வாசல் வைத்த அறைகளின் கதவுகள் எல்லாம் நெருப்புக் கதவாக மாறின, குளியலறை தவிர. பாரமான கதவுகள், அம்மாவுக்குத் தள்ளக் கஷ்டம், ஆகவே பிடியை நீளமானதாகப் போட்டோம்.

புகை அலாரம் ஒவ்வொரு தட்டிலும் படிக்குப் பக்கத்தில், மின்சாரத்தில் நேரே இணைத்து, ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கிற மாதிரி. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி உண்டு. முதல் வெள்ளி மூன்று தட்டிலும் ஒரேயடியாக அலற, மகன் பயந்து அழுதுவிட்டான். கழற்றிவிடலாமே என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்னார், செய்யாதீர்கள். நாங்கள் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, விதிக்குட்பட்டு அந்த அலாரத்தைச் சாமியறைக் கதவிலிருந்து தள்ளி வைத்தோம். குசினியில் புகைக்குப் பதில் வெப்ப அலாரம். சாம்பிராணி காட்டும்போது யன்னலைத் திறந்து கதவைச் சாத்துவது இப்போது பழக்கமாகிவிட்டது. வரைபடம் போடும்போதே சாமியறை இருக்கிறது, புகை வரும் என்று சொல்லியிருக்க வேண்டும். வரைபடக்காரருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

பக்கத்து வீடு. இரும்பு உத்தரத்தின் ஒரு முனை பொதுச் சுவருக்குள் போகும், அதற்கு 1996ஆம் ஆண்டின் பொதுச் சுவர்ச் சட்டப்படி இரண்டு மாதம் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். அவர்கள் 14 நாளுக்குள் எழுத்தில் சம்மதிக்காவிட்டால் உடன்பாடில்லை என்றே கணக்கு, பிறகு சர்வேயர்கள் வருவார்கள், வழக்கமாக அவர்களின் கட்டணம் வேலை செய்கிற எங்கள் தலையில். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கிற வயதான பெண்மணி. நாங்கள் செய்த ஒரு நல்ல காரியம், கடிதம் போடுமுன் வரைபடத்தையும் ஒரு தட்டு மரக்கறி ரோல்ஸையும் எடுத்துக்கொண்டு போனது. அவருடைய பயமெல்லாம் சுவர் வெடிக்குமோ என்பதும் காலை எட்டு மணிக்கு முன் சத்தம் வருமோ என்பதும்தான். அவர் வீட்டின் அந்தச் சுவரை இரண்டு பேருமாக நின்று படம் எடுத்தோம், ஏற்கெனவே இருந்த வெடிப்புகளைத் திகதியோடு குறித்து இரண்டு பிரதி வைத்தோம். கையெழுத்துப் போட்டுத் தந்தார். இதைக் கடைசி நேரத்தில் செய்தவர்களின் வேலை மாதக்கணக்கில் நின்றதைக் கண்டிருக்கிறேன்.

காசு. முதல் விலை 46 ஆயிரம் பவுண்டுகள். அதில் 20 சதவீத வரி சேர்க்கப்படவில்லை, கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. பக்கச் சுவர் உயர்த்துவது இல்லை, நெருப்புக் கதவு இல்லை, குளியலறை ஓடு இல்லை, ரேடியேட்டர் இல்லை, பெயின்ட் இல்லை. எல்லாம் சேர்த்து எங்களுக்கு முடிந்தது 71 ஆயிரம், 2022இல். நாங்கள் கடைசியாக எடுத்த கட்டடக்காரர் மலிவானவர் அல்ல, ஆனால் அவருடைய தாளில் எது இருக்கிறது எது இல்லை என்று வரி வரியாக இருந்தது. காசைக் கட்டம் கட்டமாகக் கொடுத்தோம்: சாரமும் உத்தரமும் வந்தபின் ஒன்று, கூரை மூடித் தண்ணீர் இறங்காத நிலை வந்தபின் ஒன்று, பூச்சு முடிந்தபின் ஒன்று, கடைசி ஐந்து சதவீதம் பில்டிங் கன்ட்ரோலின் முடிவுச் சான்றிதழ் கைக்கு வந்தபின். அந்த ஐந்து சதவீதத்தை விடவே விடாதீர்கள். வீட்டுக் காப்புறுதிக்காரருக்கும் கடன் தந்த வங்கிக்கும் தொடங்குமுன் சொல்லிவிட வேண்டும், கூரை திறந்திருக்கும் நேரத்தில் மழை இறங்கினால் காப்புறுதிதான் கதி.

தண்ணீரை நாங்கள் கிட்டத்தட்டத் தவறவிட்டிருப்போம். லொஃப்டில் இருந்த தொட்டியை எடுத்தால் மேல் குளியலறைக்கு நேரே தெருக்குழாய் அழுத்தம்தான். குசினிக் குழாயை முழுதாகத் திறந்து 10 லீட்டர் வாளியை வைத்து நேரம் பாருங்கள். எங்களுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தது, ஒன்பது லீட்டர்தான் நிமிடத்துக்கு. காரணம் தெருவிலிருந்து வருகிற குழாய் அந்தக் காலத்து ஈயக் குழாய். 25 மி.மீ. பிளாஸ்டிக் குழாயாக மாற்றினோம். ஈயக் குழாயில் பிள்ளைகள் தண்ணீர் குடித்திருக்கிறார்கள் என்று தெரிந்தபின் அந்தச் செலவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

லொஃப்டைக் காலி செய்ய இரண்டு மாதம் எடுத்தது. சூட்கேஸ்கள், பிள்ளைகளின் தொட்டில், ஒளிநாடாக்கள், கலியாணத்துக்கு வாங்கிய கிடாரம், ஊரிலிருந்து வந்த ஆல்பங்கள். அறை வந்தால் அந்தச் சேமிப்பு இடம் போய்விடும் என்பதைக் கணக்கில் எடுங்கள். சரிவு தாழ்ந்து வருகிற ஓரத்தில் ஒரு மீட்டர் உயரத்தில் சுவர் வைத்து, அதற்குப் பின்னால் போகச் சின்னக் கதவுகள் கேட்டு வாங்கினோம், இரண்டு வரைபடத்தில் இருந்தது, நாங்கள் நாலு கேட்டோம். கிடாரம் நாலாவது கதவுக்குப் பின்னால் இருக்கிறது.

ஏப்ரலில் சாரம் வந்தது, ஜூலை 19 அன்று ஹீத்ரோவில் 40.2 பாகை அடித்தபோது பூச்சு முடிந்து பெயின்ட் காய்ந்துகொண்டிருந்தது. மேலே ஏறிப் பார்த்தேன், மூச்சு விட முடியவில்லை. காப்புப் பலகை சரியாக இருந்தது, கூரைத் தோலுக்கும் பலகைக்கும் இடையில் 50 மி.மீ. காற்றுவெளியும் விட்டிருந்தார்கள், ஆனால் வெயில் முன் சரிவில் வைத்த இரண்டு கூரை யன்னல்களால் நேரே உள்ளே விழுந்தது. உள்ளே போடுகிற திரை அந்தச் சூட்டை அவ்வளவாகத் தடுக்காது, கண்ணாடிக்கு வெளியே இழுக்கிற திரை வேண்டும். பூச்சுக்கு முன் கேட்டிருந்தால் மின்கம்பியை உள்ளே புதைத்திருக்கலாம், பிறகு கேட்டதால் சூரிய ஒளியில் இயங்குகிறதை வாங்கினோம். இரவில் முன் கூரை யன்னலையும் பின் டோர்மர் யன்னலையும் ஒன்றாகத் திறந்தால் சூடு இறங்கிவிடும். ஒரு பக்கம் மட்டும் யன்னல் வைத்த வரைபடம் வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

முடிவுச் சான்றிதழ் செப்டெம்பரில் வந்தது. அதோடு எஞ்சினியரின் கணக்கு, மின்சாரச் சான்றிதழ், கவுன்சில் தாள், பக்கத்து வீட்டம்மாவின் கையெழுத்து, சுவர் மூடுமுன் நான் எடுத்த படங்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கின்றன. குழாய், கம்பி, உத்தரம் எங்கே போகிறது என்று அந்தப் படங்களில்தான் தெரியும், இரண்டாம் வருடம் ஒரு அலுமாரியைச் சுவரில் பூட்டும்போது அவற்றைத்தான் எடுத்துப் பார்த்தோம். அம்மா இதுவரை ஒரு தரம்தான் மேலே வந்திருக்கிறா, கைப்பிடியைப் பிடித்து, பதின்மூன்றையும் எண்ணிக்கொண்டு. இரண்டு பக்கமும் கைப்பிடி போடச் சொல்லியிருக்கலாமே என்றா. போன மாதம் மற்றப் பக்கமும் போட்டோம்.